பின்னட்டையைப் பிடித்துக்கொண்டு போங்கள்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ராக் ரெக்கார்டு விற்கிற கடை என்று ஒன்று கிடையாது. கேசட் பதிந்து கொடுத்த கடைகள் செல்போன் கவரும் டெம்பர் கிளாஸும் விற்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் 1971இல் ஜெர்மனியில் 'கான்' என்ற குழு வெளியிட்ட இரட்டைத் தட்டு ஆல்பம் இன்று பாலக்கோட்டில் இருப்பவர் கைபேசியில் முழுசாக ஓடும். கிடைக்கவில்லை என்ற குறை தீர்ந்துவிட்டது. அதிகம் பேர் அறியாத அண்டர்கிரவுண்ட் ராக், சோதனை ராக் இசையில் எதைத் தேடுவது என்பதுதான் இப்போது சிக்கல்.

ஸ்ட்ரீமிங் ஆப் இதைத் தீர்க்கும் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்டதைக் கேட்ட மற்றவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்பதை முக்கியமாக வைத்துத்தான் அது அடுத்த பாட்டைப் போடுகிறது. உலகம் முழுக்கச் சில நூறு பேர் மட்டும் கேட்ட குழு அந்தக் கணக்கில் மேலே ஏறி வருவது அபூர்வம். வகையின் பெயரைப் போட்டுத் தேடினாலும் இதே கதைதான். 'எக்ஸ்பெரிமென்டல் ராக்' என்று தேடுங்கள், பிரபலமான இருபது முப்பது ஆல்பங்களே வரிசை மாறி மாறி வந்து நிற்கும்.

பிடித்த ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்து அதன் பின்னட்டையைப் படியுங்கள். வாசித்தவர் யார், பதிவு செய்தவர் யார், எந்த அறையில் பதிந்தார்கள், எந்த லேபிள், அதாவது எந்த ரெக்கார்டு நிறுவனம், வெளியிட்டது. இந்த நாலும்தான் வழி, பிடித்துக்கொண்டு போகவேண்டிய நூலிழைகள். ஒரு அட்டையை ஒழுங்காகப் படித்தால் பத்து ஆல்பம் கிடைக்கும்.

செய்துகாட்டுகிறேன். டூசல்டார்ஃப் நகரத்து இரட்டையர் குழு 'நொய்!'. ஜெர்மன் மொழியில் 'புதியது' என்று பொருள். 1972இல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஹாலோகாலோ', பத்து நிமிஷம். டிரம்ஸ் கிளவுஸ் டிங்கர், கிட்டார் மிகாயேல் ரோத்தர். நாலு நாலாக நேரே ஓடும் ஒரே தாளம், இடையில் எங்கும் திருப்பம் இல்லை. விமர்சகர்கள் இதை 'மோட்டோரிக்' என்றார்கள், டிங்கர் 'அப்பாச்சி பீட்' என்றார். இது பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அட்டையைத் திருப்புங்கள்.

முதல் நூலிழை, பதிவு செய்தவர்: கோனி பிளாங்க். 1987இல் இறந்துபோன இந்தப் பொறியாளர் பெயரைப் பிடித்தால் கிராஃப்ட்வெர்க் குழுவின் தொடக்க கால ஆல்பங்கள், கிளஸ்டர், குரு குரு எல்லாம் ஒரே நாளில் கையில் வந்துவிடும். இரண்டாவது நூல், ஆட்கள்: ரோத்தர் பிறகு கிளஸ்டர் குழுவின் இரண்டு பேரோடு சேர்ந்து 'ஹார்மோனியா' என்ற குழுவைத் தொடங்கினார். அதன் முதல் ஆல்பம் 1974. மூன்றாவது நூல், லேபிள்: ஹாம்பர்க்கில் இருந்த 'பிரெயின்'. இந்த லேபிளின் முதல் இரண்டு மூன்று வருஷ வெளியீடுகளை வரிசையாகப் பாருங்கள். சின்ன லேபிள் எதுவாக இருந்தாலும் இதையே செய்யலாம். முதல் இருபது வெளியீடுகளில் நடத்துபவரின் சொந்த ரசனை இருக்கும், அதற்கப்புறம் வியாபாரம் கலக்கும். பெரிய கம்பெனி லேபிளைப் பின்தொடர்ந்தால் ஒன்றும் தேறாது, அங்கே எல்லாமும் இருக்கும்.

இதற்கெல்லாம் தட்டைக் கையில் வாங்கவேண்டியதில்லை. ரெக்கார்டுகளின் விவரங்களைத் தொகுத்துவைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் பெரும்பாலான பழைய ஆல்பங்களின் அட்டைப் படங்கள் முன்னும் பின்னும் இருக்கின்றன. அங்கே போனதும் பலர் செய்யும் தவறு, மாஸ்டர் பக்கத்தோடு நின்றுவிடுவது. அது எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான பக்கம். பெயர்கள் அங்கே பாதிதான் இருக்கும். இரண்டு தனிப் பதிப்புகளைத் திறந்து பாருங்கள். ஒன்று முதல் அச்சு. மற்றொன்று சமீபத்திய மறுவெளியீடு, அதோடு வந்த கையேட்டின் படங்களில் முதல் அச்சில் விட்டுப்போன விருந்தினர் பெயர்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயரைத் தட்டும்போது இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. ஒரே பெயரில் பலர் இருந்தால் பெயருக்குப் பின்னால் ஒரு எண் போட்டிருப்பார்கள், ஆண்டையும் நாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கவேண்டும். அடுத்தது, மாஸ்டரிங் (அச்சுக்குப் போகும் முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்வது) செய்தவரைப் பின்தொடராதீர்கள். அவர் கைக்கு வந்த எல்லாத் தட்டையும் செய்திருப்பார், ரசனை தெரியாது. பதிவுப் பொறியாளர், தயாரிப்பாளர், ஒரே ஒரு பாட்டில் வந்து வாசித்துவிட்டுப் போன விருந்தினர் ஆகியோர்தான் உருப்படியான நூல்கள். எழுபதுகளின் ஐரோப்பாவில் விருந்தினரைப் பிடித்துப் போனால் அநேகமாக அவருடைய சொந்தக் குழு ஒன்று இருக்கும். எண்பதுகளின் அமெரிக்கத் தட்டுகளில் நன்றிப் பட்டியல்தான் புதையல், தங்களோடு ஊர் ஊராகப் போன குழுக்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள்.

குழுப் பெயர் சாதாரணச் சொல்லாக இருந்தால் தேடல் குழம்பும். 'கான்', 'எர்த்', 'ஸ்லீப்', 'ஸ்வான்ஸ்' எல்லாம் அப்படித்தான். குழுப் பெயரோடு ஆல்பத்தின் பெயரையோ டிரம்மர் பெயரையோ சேர்த்துப் போட்டால் நேரே போய் நிற்கும். இந்தப் பதிவில் பெயர்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். ஊரும் ஆண்டும் சேர்த்துத் தேடினால் மூல எழுத்து கிடைத்துவிடும். ஜப்பானியக் குழு என்றால் அந்த எழுத்திலேயே பெயரை டிஸ்காக்ஸ் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டித் தேடுங்கள், ஆங்கில எழுத்தில் கிடைக்காத மேடைப் பதிவுகள் அப்போது வரும்.

நூல் நம் ஊர்ப் பக்கமே திரும்பி வருவதும் உண்டு. எழுபதுகளின் முதல் பாதியில் ஜாம்பியாவில் ஒரு பெரிய ராக் அலை எழுந்தது, 'ஜாம்ராக்' என்று இன்று சொல்கிறார்கள். வானொலியில் 95 சதவீதம் உள்நாட்டுப் பாட்டுதான் போடவேண்டும் என்று அதிபர் கவுண்டா போட்ட உத்தரவு அதற்குக் கை கொடுத்தது. அந்த நாடு நம்பியிருந்த செப்பின் விலை விழுந்ததும் அந்த அலையும் படுத்துவிட்டது. அதில் முதலில் கேட்கவேண்டியது 'விட்ச்' குழு, பாடகர் இம்மானுவேல் ஜகாரி சாண்டா. இன்னொன்று 'அமனாஸ்' குழு 1975இல் வெளியிட்ட 'ஆஃப்ரிக்கா'. இவற்றை மறுபடி வெளியிட்ட 'நவ்-அகெய்ன்' லேபிளின் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வாருங்கள், நடுவில் 'அட்டாமிக் ஃபாரஸ்ட்' என்று ஒரு பம்பாய்க் குழு நிற்கும். ஜாம்பியாவில் பிடித்த கயிறு பம்பாயில் கொண்டுவந்து விடுகிறது. இந்தியப் பக்கம் இன்னும் போகவேண்டும் என்றால் 1970லும் 1971லும் நடந்த சிம்லா பீட் போட்டிகளின் தொகுப்புத் தட்டுகள் இருக்கின்றன, சிகரெட் கம்பெனி நடத்திய போட்டி அது. 1970 தட்டில் 'கன்ஃப்யூஷன்ஸ்' என்ற மெட்ராஸ் குழுவும் உண்டு. வங்காளத்தில் 1975இல் தொடங்கிய 'மொஹினேர் கோராகுலி', தமிழில் கபேர் வாசுகியும் டென்மாவும் தொடங்கிய 'குரங்கன்' இரண்டையும் இதே வரிசையில் வையுங்கள்.

பிறர் போட்டுவைத்த பட்டியல்கள்

பட்டியல்களை நான் பொதுவாக நம்புவதில்லை, இரண்டைத் தவிர. லண்டனில் 'நர்ஸ் வித் வூண்ட்' என்ற பெயரில் ஸ்டீவன் ஸ்டேபிள்டனும் இரண்டு நண்பர்களும் 1979இல் தங்கள் முதல் ஆல்பத்தை 500 பிரதி போட்டார்கள். அதோடு 291 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலையும் வைத்தார்கள். எந்த ஆல்பம், எந்த ஆண்டு என்று ஒரு குறிப்பும் கிடையாது. அடுத்த வருஷம் பட்டியலை இன்னும் நீட்டினார்கள். இவர்கள் ஐரோப்பாவெங்கும் தட்டு தேடி அலைந்தவர்கள், ஆகவே பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நாடுகளில் ஒரே ஆல்பத்தோடு மறைந்துபோன பல குழுக்கள் இதில் இருக்கின்றன. அகர வரிசையில் மேலிருந்து கேட்டுக்கொண்டு வருவது வீண் வேலை, பத்தாவது பெயரில் சலித்துவிடும். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு மாதத்துக்கு மூன்று பெயர் என்று போங்கள்.

இரண்டாவது, பட்டியல் என்பதைவிட ஒரு கச்சேரி அறிவிப்பு. 1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஐந்து குழுக்கள் ஒரே மேடையில் வாசித்தன. இங்கிலாந்தின் ஹென்றி கௌ, இத்தாலியின் ஸ்டோர்மி சிக்ஸ், ஸ்வீடனின் சாம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவெர் ஜீரோ, பிரான்சின் எத்ரோன் ஃபூ லெலுப்லான். ரெக்கார்டு கம்பெனிகள் நீங்கள் கேட்கக்கூடாது என்று நினைக்கும் இசை என்று விளம்பரம் செய்தார்கள். 'ராக் இன் ஆப்பொசிஷன்' என்ற இயக்கப் பெயர் அங்கேதான் பிறந்தது. ஐந்தும் ஐந்து விதம், ஐந்தையும் கேட்டுவிட்டால் உங்கள் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

கேட்பவர்களே ஆல்பங்களுக்கு மதிப்பெண் போடும் ரேட் யுவர் மியூசிக் தளத்தில் தரவரிசை எடுக்கும்போது மேலே உள்ள வகையை 'டாப்' என்பதிலிருந்து 'எஸோட்டெரிக்' என்று மாற்றுங்கள். மதிப்பெண் நல்லபடி இருந்தும் குறைவான பேர் கேட்டவை மேலே வரும். அதோடு நாட்டையும் ஆண்டையும் வடிகட்டினால் போதும். குழுக்கள் தங்கள் இசையை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தின் கீழே வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். உங்களுக்குப் பிடித்த, அதிகம் பேர் வாங்காத ஒரு ஆல்பத்தை வாங்கியிருக்கும் ஆளின் சேகரிப்பைத் திறந்து பாருங்கள். ஐந்தாயிரம் பேர் வாங்கிய ஆல்பத்தில் இந்த வழி வேலை செய்யாது. பதினைந்து பேர் வாங்கியதில் அருமையாக வேலை செய்யும்.

வானொலியை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து ஒலிபரப்பாகும் டபிள்யூ.எஃப்.எம்.யூ. விளம்பரம் இல்லாத நிலையம், தொகுப்பாளர் இஷ்டத்துக்குப் போடலாம். அங்கே கோடையில் இரவு 9 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நேரத்தில் கேட்க முடியாவிட்டாலும் பழைய நிகழ்ச்சிகள் தளத்திலேயே இருக்கின்றன, பாட்டு வரிசையோடு. பிடித்த தொகுப்பாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் அவருடைய பழைய வரிசைகளைப் படிப்பது ஒரு நூலகத்தில் உட்கார்வது போலத்தான்.

ஃபைலும் காசும்

யூடியூபில் ஏற்றியவர் '320' என்றும் 'லாஸ்லெஸ்' (தரம் குறையாதது) என்றும் தலைப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். எதை ஏற்றினாலும் யூடியூப் தன் முறையில் மறுபடி சுருக்கித்தான் தரும். அங்கே கேட்டுப் பார்க்கலாம், அங்கிருந்து எடுத்துச் சேமிக்கவேண்டாம். பேண்ட்கேம்பில் இலவசமாகக் கேட்கும்போது வருவது 128 கேபிபிஎஸ் எம்பி3, வாங்கினால் ஃபிளாக் (தரம் குறையாத ஃபைல் வடிவம்) உட்பட எந்த வடிவத்திலும் இறக்கலாம். விலையை நீங்களே போடலாம் என்று விட்டிருக்கும் ஆல்பங்களில் சில பூஜ்யத்தையும் ஏற்கும், மின்னஞ்சல் மட்டும் கேட்கும். பணம் கட்டும்போது கார்டு நிராகரிக்கப்பட்டால் முதலில் வங்கி ஆப்பில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கார்டுகளில் அது மூடியபடிதான் வரும். டாலர் விலைக்கு மேல் வங்கி தனியாக மாற்றுக் கட்டணம் பிடிக்கும், அதனால் ஒவ்வொன்றாக வாங்காமல் ஒரே பில்லில் சேர்த்து வாங்கினால் கணக்குப் பார்க்கச் சுலபம். தட்டாகவே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையையே தாண்டக்கூடும். உயிரான ஆல்பம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

டேட்டா கணக்கு: 320 கேபிபிஎஸ் என்றால் நிமிஷத்துக்கு 2.4 எம்பி, மணிக்கு 144 எம்பி. 128 என்றால் மணிக்குச் சுமார் 58 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவர் தாராளமாகக் கேட்கலாம். ஃபிளாக் ஒரு ஆல்பத்துக்கு ஏறக்குறைய 300 எம்பி பிடிக்கும். 64 ஜிபி மெமரி கார்டில் 200 ஆல்பம் போகும். ஒகேனக்கல் காட்டு இறக்கத்திலும் தேன்கனிக்கோட்டை மலைப் பக்கமும் சிக்னலை நம்ப முடியாது, இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புவதே நல்லது.

கைக்குக் கைமாறி வரும் ஃபிளாக் ஃபைல்களில் போலி நிறைய. எம்பி3யை ஃபிளாக்காக மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நேர்க்கோடாக மேல்பகுதி காணாமல் போயிருந்தால் அது பெரும்பாலும் 128 எம்பி3யிலிருந்து வந்தது. ஆனால் அண்டர்கிரவுண்ட் பதிவுகளில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வீட்டு கேசட் டெக்கில் பதிந்த இசையில் மேல் அதிர்வெண்கள் முதலிலிருந்தே கிடையாது. அங்கே ஓரம் படிப்படியாக மங்கி மறையும், நேர்க்கோடாக வெட்டுப்படாது. இந்த வித்தியாசம் தெரியாமல் அசல் ஃபைலை அழித்துவிட்டு வருந்தக்கூடாது.

காரில் பென்டிரைவ் போட்டுக் கேட்பவர்களுக்கு: பல கார் செட்டுகள் ஃபிளாக்கைப் படிக்காது, எம்பி3யாக மாற்றிப் போடுங்கள். பாட்டுகள் வரிசை மாறி ஓடினால் காரணம் பெரும்பாலும் ஃபைல் பெயர் அல்ல. அந்த செட் பென்டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் ஓட்டுகிறது. பென்டிரைவை ஃபார்மட் செய்துவிட்டு ஆல்பம் ஆல்பமாக, பாட்டு வரிசையிலேயே நகலெடுத்தால் சரியாகிவிடும்.

கேட்கும் முறை

இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது, இதை மனசாரச் சொல்கிறேன். இருபது நிமிஷப் பாட்டு என்றாலே நகரத்து ஆட்கள் தயங்குகிறார்கள். இங்கே பாரதம் 18 நாள் நடக்கும், கூத்து விடிய விடிய நடக்கும். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் நிற்க, மிருதங்கமும் தாளமும் ஒரே நடையைத் திரும்பத் திரும்பப் போட்டு ஏற்றுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு 'கான்' குழுவின் 18 நிமிஷ 'ஹாலெலுவா' அந்நியமே இல்லை. டிரம்மர் யாக்கி லீபேட்சைட் அதில் செய்வது அதே வேலை: ஒரு நடையைப் பிடித்து, அதற்குள்ளேயே சின்னச் சின்னதாக மாற்றி, கேட்பவரை அசையவிடாமல் வைப்பது.

கூத்தில் ஊதும் முகவீணையின் கூர்மை காதில் ஏறியவர்கள் யூனிவெர் ஜீரோவைத் தயங்காமல் எடுக்கலாம். 1979இல் வந்த 'ஹெரெசி' ஆல்பத்தின் முதல் பாட்டு 25 நிமிஷம். ஆல்பத்தில் ஓபோ, பஸூன், வயலின், ஆர்மோனியம், அவற்றோடு டானியல் டெனியின் டிரம்ஸ். ஓபோவும் முகவீணையும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் இரட்டைச் சீவாளி. படுகளத்தன்று விடியற்காலையில் அடிவயிற்றில் ஒரு பயம் தட்டுமே, அதற்குப் பக்கத்தில் வரும் ராக் இசை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மொழி புரியவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு பிரான்சின் 'மக்மா'. டிரம்மர் கிறிஸ்டியான் வாந்தேர் 'கோபாயியன்' என்று தானே ஒரு மொழியை உண்டாக்கி அதில் பாடுகிறார். பாரிஸ்காரருக்கும் பர்கூர்காரருக்கும் அது ஒரே அளவுதான் புரியும். 1973 ஆல்பமான 'மெக்கானிக் டெஸ்ட்ருக்டிவ் கொமாண்டோ'விலிருந்து தொடங்குங்கள்.

ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரத்தில் மூன்று தடவை கொடுங்கள். முதல் தடவை நடுவில் நிறுத்தாமல், தாண்டாமல். இரண்டாம் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், மூன்றாம் தடவை பேஸ் கிட்டாரை. 'ஹாலெலுவா'வில் முதல் ஐந்து நிமிஷம் கால் டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மற்ற வாத்தியங்கள் அதன் மேல் எப்படி உட்காருகின்றன என்பது தானாகத் தெரியும். ஒரே நாளில் ஐந்து புது ஆல்பம் கேட்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மறுநாள் ஒன்றும் மனதில் நிற்காது, இந்த இசையே நமக்கு ஒட்டாது என்ற முடிவுக்கும் வந்துவிடுவார்கள்.

அடுத்த தவறு, பட்டியல்களின் உச்சியில் இருக்கும் கடினமானதிலிருந்து தொடங்குவது. கேப்டன் பீஃப்ஹார்ட்டின் 1969 இரட்டைத் தட்டு 'டிரௌட் மாஸ்க் ரெப்ளிக்கா' 28 பாட்டு. முதலில் கேட்பவருக்கு ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் வாசிப்பதுபோல இருக்கும். உண்மையில் ஒவ்வொரு இழையும் எழுதி, ஒரே வீட்டில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வாசித்தது. பீஃப்ஹார்ட் பியானோவில் தட்டியதை டிரம்மர் ஜான் ஃப்ரெஞ்ச் எழுதி எடுத்து மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுத்தார். 1967இல் வந்த 'சேஃப் அஸ் மில்க்'கை முதலில் கேட்டு அவர் குரலுக்குப் பழகிக்கொண்டு வந்தால் 'டிரௌட் மாஸ்க் ரெப்ளிக்கா'வின் கதவும் திறக்கும்.

கைபேசியில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், டால்பி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி, பாட்டுக்குப் பாட்டு கலக்கும் கிராஸ்ஃபேட், ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டு போடும் ஆட்டோபிளே இந்த மூன்றையும் நிறுத்துங்கள். தாழ்வுக்கும் உயர்வுக்கும் உள்ள இடைவெளியை நம்பியே கட்டிய இசை இது. அமெரிக்காவின் லூயிவில் ஊர்ப் பையன்கள் 'ஸ்லின்ட்' 1991இல் வெளியிட்ட 'ஸ்பைடர்லேண்ட்' ஆறே பாட்டு. பேச்சுக் குரலில் முணுமுணுத்துக்கொண்டே போய்த் திடீரென்று வெடிக்கும். இடைவெளியைச் சமப்படுத்திவிட்டால் அந்த ஆல்பத்தில் கேட்க மிச்சம் என்ன இருக்கும்?

காதுக்கு ஒரு எச்சரிக்கை. லண்டன் பிரிக்ஸ்டனில் பழைய இறைச்சிக் குளிர்பதன அறையைப் பதிவுக்கூடமாக்கிய 'திஸ் ஹீட்' குழுவின் 1979 ஆல்பம், காதில் விழுமோ விழாதோ என்ற அளவு மெல்லிய ஒலியில் தொடங்கும். சத்தம் போதவில்லை என்று கூட்டிவிட்டால் அடுத்த பாட்டு இடி மாதிரி இறங்கும். கூட்டாமல் அப்படியே விடுங்கள்.

ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்கவைக்கும் இடங்களும் உண்டு. 'நொய்!' குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் (1973) பாதியில் பணம் தீர்ந்துபோனது. ஏற்கெனவே வெளியிட்ட சின்னத் தட்டையே நிமிஷத்துக்கு 16 சுற்று, 78 சுற்று என்று வேகம் மாற்றி ஓட்டி இரண்டாம் பக்கத்தை நிரப்பினார்கள். அணில் மாதிரிக் கீச்சிடுவதும் எருமை மாதிரி இழுப்பதும் அசல்தான். லூ ரீடின் 'மெட்டல் மெஷின் மியூசிக்' (1975) தட்டின் கடைசிப் பக்கத்தில் ஊசி ஒரே சுற்றில் மாட்டிக்கொண்டு முடிவில்லாமல் ஓடும்படி அச்சிட்டிருக்கிறார்கள், கீறல் அல்ல.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பஸ் எஞ்சினின் உறுமல் கீழ் அதிர்வெண்களை மூடிவிடும். அதனால் 'எர்த்' குழுவின் 1993 ஆல்பம் போன்று, டிரம்ஸ் ஏறக்குறைய இல்லாமல் 73 நிமிஷம் கனத்த கிட்டார் இரைச்சலில் மட்டும் நிற்பதை பஸ்ஸில் கேட்டுப் பயனில்லை. 'நொய்!', 'கான்', ஜாம்ராக் மூன்றும் பஸ்ஸுக்குத் தாங்கும். திஸ் ஹீட், யூனிவெர் ஜீரோ, டாக் டாக் குழுவின் 'லாஃபிங் ஸ்டாக்' (1991) எல்லாம் ராத்திரி பத்துக்கு மேல் வீட்டில். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்கவேண்டாம். இடது வலது என்று பிரித்துப் பதிந்த இசையில் பாதி வாத்தியம் காணாமல் போகும். கட்டாயம் என்றால் அமைப்புகளில் மோனோ ஆடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கி ஆல்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குழு, ஊர், ஆண்டு, லேபிள், பதிவு செய்தவர், அறை, விருந்தினர், நன்றிப் பட்டியலில் இருந்த பெயர்கள். நன்றாக இருந்ததா என்று எழுதுவதை மூன்றாம் தடவைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஐம்பது பக்கம் நிரம்புவதற்குள் ஏதோ ஒரு பெயர் நாலு இடத்தில் வந்து நிற்கும். அந்தப் பெயர்தான் உங்கள் அடுத்த ஆறு மாதம்.

பெங்களூருக்குப் போனால்

நேரில் கேட்க நமக்குப் பக்கம் பெங்களூர்தான். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தருமபுரியிலிருந்து சுமார் 130. சின்னக் குழுக்கள் வாசிப்பது பெரும்பாலும் பப்களில், அங்கே 21 வயது அடையாள அட்டை கேட்பார்கள். டிக்கெட் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பில் எட்டு மணி என்று போட்டால் கடைசிக் குழு ஏற பத்து ஆகலாம். திரும்ப சேலம், மதுரைப் பக்கம் போகும் ராத்திரி பஸ்களில் ஏறும்போதே ஊருக்குள் நிற்குமா, பைபாஸில் இறக்கிவிடுவார்களா என்று கண்டக்டரிடம் கேட்டுவிடவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு பைபாஸில் இறங்கினால் வீட்டுக்குப் போக ஆள் வரச்சொல்லியிருக்கவேண்டும்.

காதுக்கு ஃபோம் பிளக் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். பிளக்கை விரலில் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு 30 வினாடி பிடித்திருங்கள். உருட்டாமல் திணித்தால் கொஞ்சமும் அடைக்காது.

வாசல் பக்கம் மேசை போட்டு கேசட்டோ தட்டோ விற்பார்கள். வாசித்தவர்களே நிற்பார்கள். யார் பதிவு செய்தார்கள், எந்த ஊர் அறையில், இதோடு வேறு எந்தக் குழு அங்கே பதிந்தது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேசட்டின் உள்தாளைப் பிரித்து அந்தப் பெயர்களை நோட்டில் ஏற்றிவிடுங்கள்.